சென்னைப் புறநகரில் முதல் வீடு: எந்த ஊர், எவ்வளவு, எதையெல்லாம் பார்க்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நங்கநல்லூரில் ஒன்பது வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு, ஒன்றரை வருஷம் தேடி அலைந்து, நானும் என் கணவரும் ஊரப்பாக்கத்தில் வீடு வாங்கினோம். அன்றிலிருந்து ஆபீஸில், சொந்தக்காரர் கல்யாணத்தில், பழைய தெருவின் வாட்ஸப் குழுவில் என்று யாராவது இதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். சதுர அடி விலையை மட்டும் வைத்து ஊரைத் தேர்ந்தெடுத்தவர்கள் எத்தனை பேர் ரெண்டே வருஷத்தில் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மறுபடியும் நகரத்துக்குள் வாடகைக்கு வந்தார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அதனால் சில இடங்களில் அழுத்திச் சொல்வேன்.

ஏன் புறநகர்? நகரத்துக்குள்ளேயே சின்னதாக ஒன்று கிடைக்காதா?

கிடைக்கும். மேற்கு மாம்பலத்திலும் பெரம்பூரிலும் நாற்பது வருஷத்துப் பழைய கட்டடத்தில், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில், 400 சதுர அடியில் ஒன்று கிடைக்கும். ரெண்டு பேர் மட்டும் என்றால் அதையும் போய்ப் பாருங்கள், தப்பே இல்லை. எங்கள் வீட்டில் முழங்கால் வலியோடு என் மாமியார் இருக்கிறார், பையன் வளர்ந்துகொண்டிருக்கிறான், அதனால் எங்களுக்கு அது ஒத்துவரவில்லை.

எங்கள் வருமானத்துக்கு எவ்வளவு விலை வரைக்கும் பார்க்கலாம்?

முதலில் கையில் எவ்வளவு ரொக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வங்கி எவ்வளவு கடன் தரும் என்பது அதற்கு அப்புறம்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் 30 லட்சத்துக்குள் இருந்தால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரைக்கும் தரலாம், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரைக்கும் என்றால் 80 சதவீதம்தான். பத்திரச் செலவு பொதுவாக இந்த மதிப்புக்குள் சேராது, அதை முழுக்க நம் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். வீடு 40 லட்சம். வங்கி 32 லட்சம் கொடுத்தால் மீதி 8 லட்சம் நம்முடையது. தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம், அதாவது 3 லட்சத்து 60 ஆயிரம். தரகர், வக்கீல், வங்கியின் கட்டணங்கள், பெயிண்ட், ஜன்னல் கம்பி, அலமாரி, வீடு மாற்றும் லாரி என்று எல்லாவற்றையும் சேர்த்தால் சுலபமாக 15 லட்சத்தைத் தொட்டுவிடும். 8 லட்சம் சேர்த்துவிட்டோம், இனி வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் நகைக்கடனுக்கு ஓடுகிறார்கள்.

தவணை? 32 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருஷம் என்றால் மாதம் சுமார் 27,800 ரூபாய் வரும். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது 66 லட்சத்தைத் தாண்டியிருக்கும். ரெண்டு பேர் சம்பாதிக்கிற வீட்டில் ஒருவர் சம்பளத்தில் மட்டும் தவணையைக் கட்ட முடிகிற அளவுக்கு வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. எனக்கு ஏழு மாதம் வேலை இல்லாமல் இருந்த சமயத்தில் எங்களைக் காப்பாற்றியது அந்த முடிவுதான்.

புது ஃப்ளாட் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். 2023 டிசம்பரிலிருந்து, கட்டுநரிடமிருந்து முதல்முறையாக வாங்கும் ஃப்ளாட்டுக்கு நிலத்தின் பாகத்தையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதிகிறார்கள், 50 லட்சத்துக்குள் இருந்தால் முத்திரைத்தாள் 4 சதவீதம், பதிவு 2 சதவீதம். ஆனால் கட்டி முடிக்காத ஃப்ளாட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு: 45 லட்சத்துக்குள் விலையும் 60 சதுர மீட்டருக்குள் கார்ப்பெட் ஏரியாவும் (சுவர்களுக்குள் நாம் புழங்குகிற தரைப்பரப்பு) இருந்தால் 1 சதவீதம், இல்லாவிட்டால் 5 சதவீதம். பணி நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் ஃப்ளாட்டுக்கும் பழைய ஃப்ளாட்டுக்கும் ஜிஎஸ்டி கிடையாது.

சரி, எந்தப் பக்கம் போவது?

இதற்கு எல்லாருக்கும் பொருந்துகிற பதில் கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்பதை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எனக்குக் கிண்டி, என் கணவருக்கு மறைமலை நகர். ரெண்டுக்கும் நடுவில் ஒரே ரயில் பாதை ஓடுகிறது. அப்படிப் பார்த்ததில்தான் பாதி சென்னையை எங்கள் பட்டியலிலிருந்து எடுத்தோம்.

தெற்கே, தாம்பரம் தாண்டி பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று போகிறது. ரயிலும் ஜிஎஸ்டி ரோடும் (வரி இல்லை, திருச்சிப் பக்கம் போகிற நெடுஞ்சாலை) பக்கத்துப் பக்கத்தில் ஓடுவது பெரிய வசதி, ஒன்று நின்றால் இன்னொன்று. ஆனால் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் வண்டிகளில் நிறைய தாம்பரத்தோடு நின்றுவிடும், செங்கல்பட்டு வரைக்கும் போவது குறைவு. ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைத் தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் யோசிக்கவே மாட்டார்கள், அந்தப் பக்கம் இருக்கிற நாங்கள் தினமும் யோசிக்கிறோம்.

மேற்கே அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு, திருவள்ளூர். அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடியின் பாதுகாப்புத் துறை ஆலைகள், சென்ட்ரல் பக்கத்து ஆபீஸ்கள் இவற்றில் வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பாதையைப் பாருங்கள். தெற்கே கிடைக்கிற விலைக்கு இங்கே கொஞ்சம் பெரிய வீடாகவே கிடைக்கிறது என்பது நாங்கள் தேடியபோது கண்டது. எனக்கு வேலை கிண்டியில் இல்லாமல் இருந்திருந்தால் திருநின்றவூரில்தான் வாங்கியிருப்போம்.

வடக்கே எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி. விலை குறைவு. ஆனால் அனல் மின் நிலையமும் மணலியின் ஆலைகளும் பக்கத்தில், கடலோர நிலத்தடி நீரில் உப்பு ஏறிப்போய்ப் பல வருஷம் ஆகிறது, எக்ஸ்பிரஸும் சரக்கு வண்டியும் போகிற பாதை என்பதால் புறநகர் வண்டிகளும் குறைவு. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், அங்கேயே வேலையும் இருந்தால் பாருங்கள்.

ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம். ஐடி வேலை அங்கேதான் என்றால் வேறு வழியில்லை. ஆனால் அந்தப் பக்கம் ரயில் கிடையாது. வேலையை மாற்றினால் வீடு கூடவே வராது, இதை மறக்காதீர்கள்.

"ஸ்டேஷனிலிருந்து அஞ்சு நிமிஷம்" என்று விளம்பரத்தில் போடுகிறார்களே?

யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் காரில் போனால் அஞ்சு நிமிஷம். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, காலை ஏழே முக்காலுக்கு அந்த வீட்டு வாசலில் நின்று, அங்கிருந்து உங்கள் ஆபீஸ் வாசல் வரைக்கும் தினமும் போகப்போகிற மாதிரியே போய்ப் பாருங்கள். ஷேர் ஆட்டோ கிடைக்கிறதா, லெவல் கிராசிங்கில் எத்தனை நிமிஷம், வண்டியில் ஏற முடிகிறதா. சாயங்காலம் அதே வழியில் திரும்பி, இருட்டின பிறகு ஸ்டேஷனிலிருந்து நடந்து பாருங்கள். பெண்கள் தனியாக நடக்கிற மாதிரி தெருவிளக்கு இருக்கிறதா என்பது எந்த வரைபடத்திலும் தெரியாது.

போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம் கூடுதலாகிறது என்றால் மாதம் 25 நாளுக்கு 33 மணி நேரம். ரெண்டு பேருக்கும் அப்படி என்றால் குழந்தையோடு இருக்க வேண்டிய 66 மணி நேரம் போய்விடுகிறது. சதுர அடிக்கு 500 ரூபாய் மிச்சம் பிடித்தோம் என்று சந்தோஷப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

மெட்ரோ வருகிறது, விமான நிலையம் வருகிறது, இப்போதே வாங்கினால் லாபம் என்கிறார்களே?

வரலாம். ஆனால் இன்று ஓடுகிற ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் விலை கொடுங்கள். பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு 2007ல் வந்தது. அங்கிருந்து பரங்கிமலை வரைக்கும் வெறும் 5 கிலோமீட்டர், 2008ல் வேலை தொடங்கியது, பதினைந்து வருஷம் தாண்டியும் இழுத்தது. அதை நம்பி ஆதம்பாக்கத்திலும் புழுதிவாக்கத்திலும் வாங்கினவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்கே போய்விட்டார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் 30ஆம் தேதி திறந்தார்கள், ஆனால் அதற்கான ரயில் நிலையம் அன்றைக்குத் தயாராக இல்லை. பை, மூட்டை, குழந்தை என்று ஜனங்கள் திண்டாடியதைக் கண்ணால் பார்த்தோம். பரந்தூர் விமான நிலையம் 2022ல் அறிவித்தது, அதை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் அந்த வருஷத்திலிருந்தே போராடுகிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பக்கம் மனை விற்கிறவர்களிடம், ஏர்போர்ட் வராவிட்டாலும் இந்த விலைக்கு வாங்குவேனா என்று உங்களையே கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

மழையில் தண்ணீர் நிற்குமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. ஏனென்றால் மற்ற தப்பையெல்லாம் பிறகு சரி செய்யலாம், தரை மட்டத்தைச் சரி செய்ய முடியாது.

அடையாறு எங்கிருந்து வருகிறது தெரியுமா? கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிற ஆதனூர் ஏரியிலிருந்து. மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் என்று இறங்கித்தான் நகரத்துக்குள் போகிறது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது இந்த ஊர்களில் முதல் மாடி வரைக்கும் தண்ணீர் ஏறிய தெருக்கள் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்தன, அந்தப் பக்கம் பெரும்பாக்கம், பள்ளிக்கரணை. ஆனால் ஊர் பெயரை மட்டும் வைத்து ஒதுக்காதீர்கள், அதே முடிச்சூரில் மேட்டுத் தெருக்கள் இருக்கின்றன, பாதுகாப்பானது என்று எல்லாரும் சொல்கிற ஊரிலும் பள்ளத் தெருக்கள் இருக்கின்றன. தெரு தெருவாகத்தான் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? தரகரிடம் கேட்காதீர்கள். இஸ்திரி போடுகிறவர், பால்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கிறவர்கள், மூலைக் கடை அண்ணாச்சி இவர்களிடம் கேளுங்கள். "இங்கே வெள்ளம் வருமா?" என்று கேட்டால், "அதெல்லாம் வராது சார்" என்றுதான் சொல்வார்கள், அவர்களுக்கும் அந்த ஊர்மேல் பாசம் இருக்கிறது. "2015ல் நீங்க எங்கே போய் இருந்தீங்க? கரண்ட் எத்தனை நாள் இல்லை?" என்று கேளுங்கள். கதை கதையாக வரும். தண்ணீர் எந்தத் தெருவிலிருந்து வந்தது, எந்த வீட்டில் போட் வந்து ஆளைத் தூக்கினார்கள், எல்லாம்.

அப்புறம் சுவர்களைப் பாருங்கள். காம்பவுண்டுச் சுவரில் ஒரே உயரத்தில் கறை ஓடும். ஈபி மீட்டர் பெட்டியை ஆள் உயரத்துக்கு மேல் மாற்றி வைத்திருப்பார்கள், மோட்டாரை மேடை கட்டி ஏற்றியிருப்பார்கள், வாசலில் புதிதாக ரெண்டு அடித் தடுப்பு எழுப்பியிருப்பார்கள். பழைய வீடுகளின் வாசல்படி ரோட்டுக்குக் கீழே போயிருந்தால், ரோட்டை மேல மேல போட்டு உயர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம், தண்ணீர் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டாம்.

காகிதத்திலும் தெரியும். பழைய பத்திரத்தில் நஞ்சை என்று இருந்தால் அது நெல் விளைந்த நிலம், தண்ணீரைத் தேக்கி வைக்கத்தான் நம் முன்னோர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள், மழை பெய்தால் அது பழைய வேலையைத்தான் செய்யும். புஞ்சை பரவாயில்லை. தாங்கல், ஏந்தல், மடு, ஓடை என்று ஊர்ப்பெயரிலோ சர்வே வரைபடத்திலோ வந்தால் ரெண்டு தடவை யோசியுங்கள், தாங்கல் என்றாலே சின்ன ஏரி. கூகுள் எர்த்தில் பழைய வருஷத்துப் படங்களைப் பின்னால் தள்ளிப் பார்த்தால் இன்றைக்கு மனைப் பிரிவு இருக்கிற இடத்தில் அன்றைக்கு என்ன இருந்தது என்று தெரியும். நாங்கள் ஏறக்குறைய முடிவு செய்த ஒரு மனையில் ஏரியின் கலங்கல் வாய்க்கால் (நிரம்பிய ஏரியின் உபரி நீர் போகிற வழி) ஓடியதை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. அது 2022ல் ராம்சார் தளமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம். 2025ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்தத் தளத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதுக் கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்று சிஎம்டிஏவுக்கு (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) உத்தரவு போட்டது. அங்கே ஏதாவது பார்த்தால் இன்றைய நிலவரத்தை வக்கீலிடம் விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முடிந்தால் நவம்பரில் தேடுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்.

குடிதண்ணீர்?

நவம்பரில் வெள்ளத்தைப் பார்த்த மாதிரி மே மாதத்தில் கிணற்றைப் பாருங்கள். ஃப்ளாட் என்றால் சங்கத்துச் செயலாளரிடம் போன மே மாதத்துக் கணக்கை மட்டும் கேளுங்கள், தண்ணீர் லாரிக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். 12,000 லிட்டர் லாரி வாரம் எத்தனை வந்தது, அதை எத்தனை வீடு பகிர்ந்துகொண்டது என்று வகுத்தால் உங்கள் தவணையோடு மாதம் எவ்வளவு கூடும் என்று தெரிந்துவிடும். 2019 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற ஒரு சின்ன டிடிஎஸ் மீட்டர் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரைக்கும் ஒத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் 2,300 காட்டியது, குழாயெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. டிடிஎஸ் மீட்டர் எல்லாவற்றையும் காட்டாது. பல்லாவரம், குரோம்பேட்டை, நாகல்கேணி பக்கம் தோல் பதனிடும் ஆலைகளால் நிலத்தடி நீர் கெட்ட வரலாறு உண்டு, அங்கே போர் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் சரி.

பாதாள சாக்கடை இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் செப்டிக் டேங்க், கழிவுநீர் லாரி, அதற்கும் ஒரு மாதச் செலவு. பக்கத்து மனைக்காரர் கழிவைக் காலி மனையில் விடுகிறாரா என்பதை மூக்கே சொல்லும்.

மனையா, தனி வீடா, ஃப்ளாட்டா?

முதல் வீடு, குடியிருக்கத்தான் வீடு என்றால் மனையை விட்டுவிடுங்கள். மனைக்குக் கடனும் கட்டிக்கொண்டு வாடகையும் கொடுத்துக்கொண்டு எப்போது கட்டுவது? தனி வீடு நல்லதுதான், நிலம் முழுக்க நம்முடையது, ஆனால் அதே விலைக்கு ஸ்டேஷனிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே தள்ளிவிடும். ஃப்ளாட்டில் நிலத்தில் நமக்கு வருகிற பிரிபடாத பாகம் எவ்வளவு என்று பாருங்கள், படிக்கட்டு, நடைபாதை எல்லாம் சேர்த்துச் சொல்கிற சூப்பர் பில்டப் என்ற கணக்கில் மயங்காமல் கார்ப்பெட் ஏரியாவைக் கேளுங்கள். புது ஃப்ளாட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண்ணை வாங்கி இணையத்தில் தேடுங்கள், நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு வீட்டுக்கு மேலோ இருந்தால் பதிவு கட்டாயம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை. ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர்கள் செலவில்தான் சரி செய்ய வேண்டும்.

பழைய ஃப்ளாட்டை நிறையப் பேர் கீழாக நினைக்கிறார்கள். எனக்கு அதில்தான் நம்பிக்கை. மழையைப் பார்த்த கட்டடம், கோடையைப் பார்த்த போர், சண்டை போடுகிற பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் பாருங்கள்: அனுமதித்த வரைபடத்தில் எத்தனை மாடி, நிற்பது எத்தனை மாடி.

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்கிறார்கள், போதுமா?

போதாது. மனைப்பிரிவுக்கு அனுமதி தருகிற அதிகாரம் சிஎம்டிஏவுக்கும் டிடிசிபிக்கும்தான் (நகர் ஊரமைப்பு இயக்ககம்), பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து அதற்குச் செல்லாது. 2016ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று தடுத்த பிறகு, 2016 அக்டோபர் 20க்கு முன்னால் மனையாகப் பதிவானவற்றை வரன்முறைப்படுத்த 2017ல் திட்டம் கொண்டுவந்தார்கள். அதற்குள் வராத மனை என்றால் விலகிவிடுங்கள், வங்கியும் கடன் தராது.

இதை நாங்கள் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம். படப்பைப் பக்கம் ஒரு மனைக்கு, ஞாயிற்றுக்கிழமை வேனில் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டு, இன்றைக்கே டோக்கன் போட்டால்தான் இந்த விலை என்றார்கள். 25,000 ரூபாய் கொடுத்தோம். லே-அவுட் அனுமதி எண்ணைக் கேட்டபோது பஞ்சாயத்துத் தீர்மானத்தின் நகலைக் காட்டினார்கள். பணம் திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் அது ரெண்டு மாதச் சேமிப்பு. டோக்கன் கொடுக்கும் முன்னால் அனுமதி எண்ணை வாங்கி, அந்த வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா, பூங்காவுக்கு விட்ட இடத்தை மனையாக விற்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

பத்திரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

வக்கீலை வையுங்கள், விற்கிறவர் அறிமுகப்படுத்தாத வக்கீல். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்று வரைக்கும் சங்கிலி அறுபடாமல் வருகிறதா, முப்பது வருஷத்துக்காவது வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்), விற்கிறவர் பெயரில் பட்டா, உரிமையாளரிடம் பவர் (விற்கும் அதிகாரம்) வாங்கி விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, இவை அவர் வேலை. நீங்களும் ஒரு தடவை சர்வே எண்ணை வைத்து இணையத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்) பார்த்துவிடுங்கள். அரசு நிலம், நீர்நிலை, கோயில் நிலம் என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

செங்கல்பட்டுப் பக்கம் குறிப்பாக ஒன்று: பஞ்சமி நிலம். இந்த மாவட்டக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் தலித் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892ல் அவர்களுக்கென்று அரசு ஒதுக்கிய நிலம் அது. மற்றவர்களுக்கு விற்க முடியாது, விற்றாலும் செல்லாது. மலிவாகக் கிடைக்கிறது என்று அதில் கை வைத்தால் பணம் போகும், அதைவிட, அது இன்னொருவரின் உரிமை.

அரசுச் சலுகை ஏதாவது உண்டா?

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புற இரண்டாம் கட்டம் 2024ல் வந்தது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்து, நாட்டில் எங்கேயும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லை என்றால், முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத வட்டி மானியம், அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம், ஐந்து தவணையாக. கடன் வாங்கும் வங்கியிலேயே கேளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, ஆனால் சென்னையைச் சுற்றி அந்த விலைக்குச் சின்ன மனைதான் கிடைக்கும். வீட்டு வசதி வாரியத்தின் விற்காத ஃப்ளாட்டுகளையும் ஒரு பார்வை பாருங்கள்.

வாங்குவதற்கு முன்னால் அந்த ஊரிலேயே வாடகைக்கு இருந்து பார்க்கலாமா?

கட்டாயம். முடிந்தவர்கள் எல்லாரும் இதைச் செய்ய வேண்டும். ஒரு மழையும் ஒரு கோடையும் அங்கே இருந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் நான் எழுதியதெல்லாம் உங்களுக்கே தெரிந்துவிடும், என்னைக் கேட்க வேண்டியதில்லை. நாங்கள் ஊரப்பாக்கத்தில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருந்தோம். வீடு மாற்றும் செலவு ரெண்டு தடவை ஆனது உண்மைதான். ஆனால் முதலில் நாங்கள் வாங்க நினைத்தது ரயில் பாதைக்கு மேற்கே ஒரு தெருவில், அந்தத் தெருவில் ஐப்பசி மழைக்கே முழங்கால் தண்ணீர்.

வீட்டில் பகல் முழுக்க இருக்கிற பெரியவர்களுக்கு எந்த ஊர் சரி?

இதை யாரும் கேட்பதில்லை, என் மாமியார்தான் கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் ராத்திரிதான் வரப்போறீங்க, அந்த ஊர்ல இருக்கப் போறது நான்தானே?" என்றார். அன்றைக்கே பட்டியலிலிருந்து நாலு வீடு போனது. நடந்து போகிற தூரத்தில் மருந்துக்கடை, காய்கறி, கோயில், பேச நாலு பேர், ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோ கூப்பிட்டால் போய்ச் சேர ஓர் ஆஸ்பத்திரி. ஊர் எல்லையில் மின்னுகிற பெரிய குடியிருப்புகளில் நீச்சல் குளம் உண்டு, இவை கிடையாது. வீடு பார்க்கப் போகும்போது வீட்டுப் பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் பார்க்கிறது நமக்குத் தெரியாது.

கடைசியில் நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

ஸ்டேஷனிலிருந்து பன்னிரண்டு நிமிஷ நடை, பத்து வருஷப் பழைய கட்டடம், ரெண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு, 38 லட்சம். மே மாதத்தில் மூன்று லாரி வாங்கியதாகச் சங்கத்துக் கணக்கில் இருந்தது. 2015ல் தெருமுனை வரைக்கும் வந்த தண்ணீர் இந்தப் பக்கம் ஏறவில்லை என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். மிக்ஜாம் அன்றைக்கு ராத்திரி தூங்காமல் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழே பைக் நிறுத்துகிற இடம் வரைக்கும் தண்ணீர் வரவில்லை. கரண்ட் மட்டும் ரெண்டு நாள் இல்லை, எதிர் கட்டடத்துக்காரர்கள் ஜெனரேட்டரில் எல்லாருடைய போனையும் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள்.